நிலவியல் வரைபடமும் ஒரு பனுவலே: பொது ஆவணக் காப்பகங்களும் கடார ஆய்வும்

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் நிலம் வெறும் பின்புலம் அன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தே தொல்காப்பியம் திணைக் கோட்பாட்டை வகுக்கிறது. இம்மரபில் வந்த நம் ஆய்வாளர்கள் ஊர், துறைமுகம், மலை, கரை ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது நிலத்தைச் சான்றாகக் காட்டுவது இயல்பே. ஆயினும் அவ்வாறு காட்டும் இடங்களில் 'நிலவியல் அறிஞர் கருத்துப்படி' என்னும் தொடர் மட்டுமே பெரும்பாலும் காணப்படுகிறது. எந்த அறிஞர், எந்த வரைபடம், எந்த ஆண்டில் வெளிவந்தது என்னும் விவரங்கள் இடம்பெறுவதில்லை. ஒரு பாடலை எண்ணும் பதிப்பும் இன்றி மேற்கோள் காட்டும் மாணவரை நாம் திருத்துகிறோம். ஒரு கடற்கரையைச் சான்றின்றி மேற்கோள் காட்டும் கட்டுரையை மட்டும் எவ்விதத் தடையுமின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

இம்முரண்பாட்டை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. நிலவியல் வரைபடமும் ஒரு பனுவலே. அதற்கு ஆசிரியர் உண்டு. பதிப்பு வரலாறு உண்டு. மூலச் சான்றுகளும் ஊகங்களும் உண்டு. எனவே சுவடியையும் கல்வெட்டையும் வாசிக்கும் அதே ஒழுங்குடன் அதனை வாசிக்க வேண்டும் என்பதே நம் கருதுகோள். இதனை நிறுவுவதற்குப் பினாங்குத் தீவும் அதன் எதிர்க்கரையும் பூஜாங் பள்ளத்தாக்கும் களமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சொல் குழப்பம்

தேடலின் முதல் தடை சொல்லிலேயே தோன்றுகிறது. தமிழகத்தில் 'புவியியல்' என்னும் சொல் பாடநூல்களில் நாடுகள், மலைகள், மழை முதலியவற்றைக் கற்பிக்கும் பாடத்தைக் குறிக்கிறது. ஆனால் பாறைகளை ஆராயும் இந்திய அரசுத் துறையையும் நாளிதழ்கள் 'புவியியல் ஆய்வு மையம்' என்றே எழுதுகின்றன. பாறையியல் சார்ந்த இத்துறைக்கு இலங்கையில் 'புவிச்சரிதவியல்' என்னும் தெளிவான சொல் வழங்குகிறது. 'நிலவியல்' என்னும் சொல்லும் நெடுநாளாக ஆட்சியில் உள்ளது. இக்கட்டுரையில் 'நிலவியல்' என்பதையே ஆள்கிறோம்.

பாறைப் பெயர்களிலும் இத்தகைய நெகிழ்ச்சி உண்டு. 'கருங்கல்' என்னும் வழக்குச் சொல் கிரானைட்டு, சார்னோக்கைட்டு, நைசு முதலிய வேறுபட்ட பாறைகள் பலவற்றையும் ஒருங்கே சுட்டும். ஒரு கோயில் கருங்கல்லால் ஆனது என்று ஒரு கட்டுரை கூறுமாயின், அக்கல் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அச்சொல் விடை தராது. வரைபடத்தின் குறிவிளக்கம் அந்தப் பொதுச் சொல்லைப் பிரித்துக் காட்டும் அகராதியாகப் பயன்படும்.

வரைபடத்தை வாசித்தல்

வில்லியம் சுமித் 1815ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்ட நாள்முதல் இவ்வகைப் படங்களின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. நிறம் பாறை வகையையும் அதன் காலத்தையும் உணர்த்தும். கோடு இரு பாறைகளின் எல்லையை உணர்த்தும். களத்தில் கண்டு உறுதிசெய்த எல்லையை முழுக்கோட்டாலும், ஊகித்த எல்லையை இடைவிட்ட கோட்டாலும் வரைவது மரபு. சுவடியில் சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இட்டு நிரப்புவதற்கு ஒப்பானது இது. இடைவிட்ட கோட்டை முழுக்கோடாகக் கொண்டு வாதிடுவது, பதிப்பாசிரியரின் ஊகத்தை மூலபாடமாகக் கொள்வதற்கு நிகரான பிழையாகும்.

அடுத்து நோக்கத்தக்கது அளவுத்திட்டம். தீபகற்ப மலேசியாவின் நிலவியல் வரைபடம் 1985ஆம் ஆண்டில் எட்டாம் பதிப்பாக 1:500,000 என்னும் அளவிலும், 2014ஆம் ஆண்டில் ஒன்பதாம் பதிப்பாக 1:750,000 என்னும் அளவிலும் வெளிவந்தது. முன்னதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 500 மீட்டரையும், பின்னதில் 750 மீட்டரையும் குறிக்கும். ஒரு சண்டியின் அடித்தளமோ ஒரு கல்வெட்டுப் பாறையோ இவ்வளவில் புள்ளியாகக்கூட விழாது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என அமைந்த பழைய தாள்களில் ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 63 மீட்டர் ஆகும். எனவே புதிய பதிப்பே எப்போதும் சிறந்தது என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. நாடு முழுவதற்குமான பொதுக் கருத்துக்கு 2014ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்றது. ஓர் ஊரைப் பற்றிய கூற்றுக்குப் பழைய பெருவிரிவுத் தாளும் அதனுடன் வந்த அறிக்கையுமே ஏற்றவை.

பினாங்குக்குரிய ஆவணங்கள்

பினாங்கைப் பற்றிய நிலவியல் எழுத்து தொன்மையானது. மருத்துவர் வார்டு பினாங்குத் தீவின் நிலவியலைப் பற்றி எழுதிய கட்டுரை, கல்கத்தா ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சசு' தொகுதியில் 1833இல் வெளிவந்தது. பினாங்கில் வாழ்ந்து 1869இல் மறைந்த ஜே. ஆர். லோகன், தாம் 1847இல் தொடங்கிய இதழில் தீபகற்பத்தின் நிலவியலைப் பற்றி விரிவாக எழுதினார். ஜார்ஜ் டவுன் உயர்நீதிமன்றத்தின் முன் நிற்கும் நினைவுச் சின்னத்தால் அவரை வழக்கறிஞராக அறிந்தவர் பலர். நிலவியல் எழுத்தாளராக அறிந்தவர் சிலரே.

இவ்வளவு முற்பட்ட தொடக்கம் இருந்தும், தீவு முழுவதற்குமான விரிவான அரசு அறிக்கை ஓங் வீ செங் என்பாரால் எழுதப்பட்டு 1993ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. இந்நெடிய இடைவெளிக்கு ஆவணக் காப்பகத்தின் வரலாறே விளக்கம் தருகிறது. 1903இல் ஜே. பி. இசுக்ரிவனர் அரசு நிலவியலாளராகப் பொறுப்பேற்றது கூட்டு மலாய் மாநிலங்களில் ஆகும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய அந்நான்கும் ஈய வருவாய் மிக்கவை. பினாங்கோ நீரிணைக் குடியேற்றத்தைச் சார்ந்தது. கெடா 1909வரை சயாமின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. இவ்வகையில் நிருவாக எல்லையும் சுரங்க வருவாயும் முதலில் வரையத்தக்க நிலம் எது என்பதைத் தீர்மானித்தன எனலாம். ஆகவே வரைபடத்தில் விவரம் குறைந்த இடத்தைக் காணும் ஆய்வாளர் அங்கு ஒன்றும் இல்லை என முடிவு செய்தலாகாது; அங்கு யாரும் அனுப்பப்படவில்லை என்பதும் காரணமாகலாம். சங்கத் தொகைநூல்களில் இடம்பெறாத ஊர் இருந்ததே இல்லை என்று நாம் வாதிடுவதில்லை அன்றோ!

ஆவணங்கள் சிதறிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். 1867வரை நீரிணைக் குடியேற்றம் இந்திய அரசின் கீழ் இருந்தமையால் முற்காலக் குறிப்புகளைக் கல்கத்தாவின் வெளியீடுகளில் தேட வேண்டும். இருபதாம் நூற்றாண்டுத் தாள்களுக்கும் அறிக்கைகளுக்கும் கனிமவள, புவி அறிவியல் துறையை நாட வேண்டும். நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் இணைந்து உருவான இத்துறையின் தொழில்நுட்பப் பணிகளுக்கு ஈப்போ மையமாக விளங்குகிறது. மலேசிய நிலவியல் கழகம் 1967முதல் இயங்கி வருகிறது. அதன் ஆய்விதழ்க் கட்டுரைகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். எதிர்க்கரைக்கு, கூலிம் வட்டாரத்தைப் பற்றி கோர்ட்டியர் எழுதி 1974இல் வெளிவந்த நூலும், குனோங் ஜெராய் பற்றி பிராட்ஃபோர்டு எழுதி 1972இல் வெளிவந்த நூலும் அடிப்படையானவை.

தேடும் முறை

ஆசிரியர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் பயன்படுமாறு சில நடைமுறைகளை ஈண்டுத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, பழைய இடப்பெயர்களைத் தொகுத்துக்கொள்ள வேண்டும். செபராங் பிறையைத் தேடுவோர் 'புரொவின்சு வெல்லெசுலி' என்றும், குனோங் ஜெராயைத் தேடுவோர் 'கெடா சிகரம்' என்றும், தமிழகத்துத் தாள்களைத் தேடுவோர் 'தின்னவெல்லி', 'திரிச்சினாபொலி' என்றும் அக்கால ஆங்கில வடிவங்களைக் கொண்டே தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, ஊர்ப்பெயரைக் கொண்டு நேரே வரைபடத்தைத் தேடாமல், தாள்களின் சுட்டு வரைபடத்தை முதலில் காண வேண்டும். தாள் எண் தெரிந்தபின் அறிக்கை, வரைபடம், அவற்றின் மறுபதிப்பு ஆகியவை எளிதில் அகப்படும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைத்த தேசிய நிலவியல் வரைபடத் தரவகம் இதற்கு நல்ல முன்மாதிரி. வட்டாரம், ஆசிரியர், ஆண்டு, அளவுத்திட்டம் ஆகிய எவ்வழியாகவும் அதில் தேட இயலும். பிரித்தானிய நிலவியல் ஆய்வுத் துறையும் தன் பழைய தாள்களின் படிமங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 'பூகோசு' தளத்தில் பதிவு செய்துகொண்டு 1:50,000 அளவிலான தரவுகளைப் பெறலாம். 2007இல் தொடங்கிய 'ஒன்ஜியாலஜி' முயற்சி பல நாடுகளின் வரைபடங்களை ஒரே இணையவாயிலில் காட்டுகிறது.

மூன்றாவதாக, மடிப்புத் தாள்களைக் கவனிக்க வேண்டும். பழைய நூல்களின் பின்னட்டைப் பையில் மடித்து வைக்கப்பட்ட வரைபடமே நூலின் உயிர். மின்படிமமாக்கும்போது அம்மடிப்பை விரிக்காமலே படியெடுத்த நூல்கள் பல. ஒரு படியில் வரைபடம் இல்லையெனில் வேறு நூலகத்துப் படியைத் தேட வேண்டும். ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிடும் பழக்கமுடைய நமக்கு இது புதிதன்று.

நான்காவதாக, படத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குறிவிளக்கத்தை விட்டுவிடுதல் கூடாது. பழைய தாளைச் செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்துவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அக்காலத் தீபகற்பத் தாள்களின் அளவை அடிப்படை இன்றைய செயற்கைக்கோள் அடிப்படையினின்று வேறுபட்டது. உரிய திருத்தமின்றிப் பொருத்தினால் இடம் நூறு மீட்டருக்கும் மேலாக விலகிவிடும்.

கடாரக் கரை

இனி இம்முறைகளைக் கடார ஆய்வில் பொருத்திக் காணலாம். பட்டினப்பாலை சுட்டும் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என உரை வரைந்தார். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பை அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. குவாரிட்ச் வேல்சு 1930களின் பிற்பகுதியில் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து, 1940இல் முடிவுகளை வெளியிட்டார். அதுமுதல் கடாரத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'அன்று கடல் உள்நாடு வரை பரவியிருந்தது' என்னும் கூற்று திரும்பத் திரும்ப வருகிறது.

இக்கூற்று அடிப்படை அற்றது அன்று. மெர்போக் கழிமுகத்தின் நிலவடிவ மாற்றத்தையும் அது பண்டைக் கெடா அரசுக்கு விளைத்த தாக்கத்தையும் நிலவியலாளர் டி. டி. கூ 1996இல் தனிக் கட்டுரையாக ஆராய்ந்துள்ளார். ஜேன் ஆலன் என்னும் தொல்லியலாளரும் மண்படிவுகளைக் கொண்டு இக்கரையின் மாற்றத்தை ஆராய்ந்தார். குற்றம் கூற்றில் இல்லை. அதனைச் சான்றாக்கும் முறையில் உள்ளது. வரைபடத்தில் கடற்களிமண் நிறத்தைக் கண்டவுடன் அப்பரப்பு முழுவதும் சோழர் காலத்தில் கடலாக இருந்தது எனக் கொள்வது பிழை. ஏறத்தாழ 5000முதல் 6000 ஆண்டுகளுக்கு முன் இத்தீபகற்பத்தில் கடல்மட்டம் இன்றைய நிலையைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. அப்போது படிந்த களிமண்ணும், அதற்கு மிகப் பின்னர் ஆறு கொண்டுவந்து கரையை நீட்டிய வண்டலும் வரைபடத்தில் அடுத்தடுத்த நிறங்களாகவோ ஒரே நிறமாகவோ காட்சியளிக்கும். நிறம் படிவின் வகையைச் சொல்லும். அது கடலாக இருந்த நூற்றாண்டைச் சொல்லாது. அதற்குச் சிப்பி, மரத்துண்டு ஆகியவற்றின் கரிமக் காலக்கணிப்பு வேண்டும். எனவே வரைபடம் இங்கு வினாவை எழுப்பும் கருவியே. தீர்ப்பு வழங்கும் கருவி அன்று.

பலகையும் பாறையும்

இரண்டாவது சோதனை கல்வெட்டுகளைப் பற்றியது. புரொவின்சு வெல்லெசுலியில் ஜேம்சு லோ 1834இல் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு சிலேட்டுக் கற்பலகையில் அமைந்தது. ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படுவது. இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. செரோக் தோக் குன் கல்வெட்டோ புக்கிட் மெர்தாஜாமின் பெரும் கிரானைட்டுப் பாறையில் பொறிக்கப்பட்டது. நம் கட்டுரைகள் பல இவ்விரண்டையும் ஒரே வகைச் சான்றாக அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றன.

வரைபடம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். கிரானைட்டுப் பாறை அம்மலையின் பகுதி; அது எங்கிருந்தும் வரவில்லை. ஆகவே எழுதியவர் அவ்விடத்திற்கு வந்தார் என்பது உறுதி. பலகை அவ்வாறன்று, கப்பலில் ஏறிவரக் கூடியது. தென்கெடாவில் மகாங் படிவு எனப்படும் களிப்பாறை வரிசை உண்டு என்பதை நிலவியல் நூல்கள் காட்டுகின்றன. எனவே பலகை உள்ளூர்க் கல்லாக இருக்கக் கூடும் என்னும் வாய்ப்பு எழுகிறது. வாய்ப்பு மட்டுமே எழுகிறது. கல்லின் நுண்சீவலை ஆராய்ந்து உள்ளூர்ப் பாறையோடு ஒப்பிட்டாலன்றி முடிவுக்கு வர இயலாது.

இத்தகைய ஒப்பீடு பயன் தரும் என்பதற்குத் தமிழகத்துக் கல் ஒன்றே சான்று. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதிப் பாறையை ஒத்தது எனத் தாமசு ஆலந்து கண்டு, அப்பாறை வகைக்கு 1893இல் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். கல் கடல் கடந்தது. பாறையியல் அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் புத்தகுப்தன் கல்வெட்டிலேயே உண்டு. அவன் ஊராகக் கூறப்படும் 'இரக்தமிருத்திகை' என்பதன் பொருள் செம்மண். செம்மண் நிலத்தை வரைபடத்தில் தேடப் புகுந்தால் இந்தியாவின் பல பகுதிகள் அதற்குப் பொருந்திவிடும். வங்காளத்தின் முர்சிதாபாத் மாவட்டத்து இராசபாடிதாங்காவே அவ்வூர் என்னும் கருத்துக்கு வலுவூட்டியது மண்ணின் நிறம் அன்று. 1962ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த, அப்பெயர் கொண்ட விகாரையின் முத்திரையே ஆகும். எழுத்துச் சான்று பேசும் இடத்தில் வரைபடம் துணைநிற்க வேண்டும். அதன் இடத்தைப் பறிக்கக் கூடாது.

தமிழகத்து ஒப்புமை

இவ்வொழுங்கு தமிழக ஆய்வுக்கும் பொருந்தும். இராபர்ட் புரூசு பூட்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி எழுதிய நூல் 1883இல் வெளிவந்தது. தென்கரையோரச் செம்மணல் மேடுகளுக்கு மக்கள் இட்ட 'தேரி' என்னும் பெயரே நிலவியல் எழுத்தில் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது. நம் சொல் ஒன்று உலக நிலவியலில் வழங்குவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தேரியைக் கண்டவுடன் அதுவே பாலைத்திணை என எழுதுவது பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. பாலை பருவத்தால் உண்டாவது. தேரி மணலால் உண்டானது. நிறம் தீட்டிய தாளில் திணையை அப்படியே தேடுவது இலக்கியத்துக்கும் நிலவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் தவறாகும்.

குமரிக்கண்டக் கருத்தாக்கத்திலும் இதே சிக்கல் உள்ளது. இலெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்க பிலிப்பு இசுக்லேட்டர் 1864இல் முன்வைத்த இலெமூரியா என்னும் கருதுகோளை, கண்டத்தட்டுக் கோட்பாடு வேரூன்றிய பின் நிலவியல் கைவிட்டது. ஆயினும் கைவிடப்பட்ட பதிப்பையே இறுதிப் பதிப்பாகக் கொண்டு மேற்கோள் காட்டும் வழக்கம் நம்மிடையே நீடித்தது. அந்நிலம் எவ்வாறு வரைபடங்களில் தீட்டப்பட்டது என்பதைச் சுமதி இராமசாமி 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வரைபடத்துக்கும் பதிப்பாண்டு உண்டு என்பதை மறந்தமையின் விளைவு இது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொது ஆவணக் காப்பகங்கள் திறந்துள்ள இக்காலத்தில் 'நிலவியலார் கூறுவர்' என்னும் பெயரற்ற மேற்கோளுக்கு இடமில்லை. வரைபடத்தைச் சுட்டும்போது ஆசிரியர், தாள் எண், அளவுத்திட்டம், பதிப்பு, களஆய்வு நடந்த ஆண்டு, வெளியீட்டாண்டு, பெறப்பட்ட காப்பகம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இரண்டு, வரைபடத்தின் மௌனத்தையும் ஊகக் கோடுகளையும் வரலாற்றுப் பின்னணியோடு வாசிக்க வேண்டும். மூன்று, எவ்வினாவுக்கு வரைபடம் விடை தரும், எவ்வினாவுக்குத் தராது என்னும் எல்லையை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். இம்மூன்றையும் முதுகலை ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் ஓரலகாகச் சேர்த்தல் தகும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தம் ஊர் நின்றிருக்கும் பாறை எது எனக் கண்டறியும் சிறு பணியை மாணவர்க்கு அளிக்கலாம். பினாங்குத் தீவின் மலைகள் கிரானைட்டால் ஆனவை; ஓங்கின் அறிக்கை அவற்றை வடக்கு, தெற்கு என இரு பெரும் தொகுதிகளாகப் பிரித்து, தஞ்சோங் பூங்கா, பத்து மாவுங் முதலிய ஊர்ப்பெயர்களாலேயே உட்பிரிவுகளைச் சுட்டுகிறது. ஜார்ஜ் டவுன் நகரமோ வண்டலின்மீது நிற்கிறது. தாம் அறிந்த பெயர்களைத் தாளில் காணும் மாணவர் அதனை அயலாகக் கருதார்.

இது வெறும் மேற்கோள் நெறி பற்றிய கவலை அன்று. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்று என எண்ணிடப்பட்ட சண்டி, நிலமேம்பாட்டுப் பணியில் இடித்து அகற்றப்பட்டது 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. கட்டுமானம் அழிந்த பின் எஞ்சியவை முன்னோர் அளந்து வரைந்து வைத்த ஆவணங்களே. அவ்விடத்தைப் பற்றி இனி எழுதப்படும் ஒவ்வொரு தொடரும் அவற்றையே சார்ந்து நிற்கும். கடாரம் நம் வரலாற்றின் பகுதி என்று உரிமை பாராட்டும் நாம், அதன் மண்ணைப் பற்றிய தாள்களைத் தேடி எடுத்து, எண்ணும் ஆண்டும் பிழையாமல் சுட்டிப் பழகுவதே அவ்வுரிமைக்குத் தக்க கடமையாகும்.